மழையை அளக்கப் பழகுவோம்

(நமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவது வழக்கம். அவற்றைச் சுவையாகப் பேசக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சங்கத்தினர் இந்த நேரத்தை ஒதுக்கித் தந்தபோது, இப்போது படிக்கும் மாணவிகளுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். மருத்துவத் துறையில் இருக்கும் ஒரு பழைய மாணவி என்றதும், சுகாதாரத்தைப் பற்றிய பேச்சு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பேசப் போவது மண்சரிவைப் பற்றி. அதுவும் சுகாதாரம்தான் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

வைத்தியர்களாகிய நாங்கள் பல அனர்த்தங்களில் ஏதாவது செய்ய முடியும். வெள்ளத்துக்குப் பிறகு வரும் வயிற்றோட்டத்துக்கும் எலிக்காய்ச்சலுக்கும் மருந்து இருக்கிறது. எலும்பு முறிந்தவருக்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் முழுவதாகப் புதைந்த ஒருவரைக் காப்பாற்ற மருத்துவத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸ் வண்டி தோட்டத்துப் பாதையில் ஏறி வருவதற்குள் அந்த நிமிடங்கள் போய்விடும். ஆகவே மண்சரிவுக்கு உள்ள ஒரே நல்ல மருந்து, மண் இறங்குவதற்கு முன்னர் ஆட்கள் அந்த இடத்தை விட்டு வெளியேறியிருப்பதுதான். அதற்கு முன்கூட்டியே அறிய வேண்டும். அறிவதற்கு அளக்க வேண்டும். அந்த அளக்கும் வேலையில் நமது மாணவிகளுக்கு ஓர் இடம் உண்டு என்பதே இன்று சொல்ல வந்த விடயம்.

முதலில், மலை ஏன் சரிகிறது என்று பார்ப்போம். நமது மலைகளின் பாறை மிகப் பழையது. வெயிலிலும் மழையிலும் அது உக்கி, மேலே தடித்த மண் போர்வையாகக் கிடக்கிறது. சில சரிவுகளின் அடிவாரத்தில் இருப்பது, முன்னொரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து தங்கிய மண்ணும் கல்லும். காய்ந்திருக்கும்போது அந்த மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. தொடர்ந்து மழை பெய்யும்போது, துகள்களுக்கு இடையிலுள்ள வெளியை நீர் நிரப்புகிறது. நீரின் அழுத்தம் கூடக் கூட, துகள்களின் பிடி குறைகிறது. மண்ணின் பாரமும் கூடுகிறது. பாரம் பிடியை வெல்லும்போது மலை இறங்குகிறது.

எவ்வளவு பாரம்? ஒரு மில்லிமீற்றர் மழை என்பது, ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். ஒரு ஹெக்டெயர் என்பது 10,000 சதுர மீற்றர். ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஒரு ஹெக்டெயர் தேயிலை மலையில் விழும் நீர் 15 இலட்சம் லீற்றர், அதாவது 1,500 தொன். 10,000 லீற்றர் கொள்ளும் தண்ணீர் பவுசர்கள் 150 ஐக் கொண்டுவந்து ஊற்றியதற்குச் சமம். அதில் ஒரு பகுதி கான்கள் வழியாக ஓடிவிடும். கான் தூர்ந்திருந்தால் அதுவும் நின்று மண்ணுக்குள் இறங்கும். கான் வெட்டுவது வெறும் தோட்ட வேலை அல்ல, உயிர் காக்கும் வேலை என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்கும்.

நீர்தான் காரணம் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. 1990 களின் தொடக்கத்தில் வட்டவளையில் புகையிரதப் பாதை செல்லும் சரிவு மெல்ல மெல்ல நகரத் தொடங்கியது. தண்டவாளமே இடம்பெயர்ந்தது. பொறியியலாளர்கள் நிலத்துக்குள் நீண்ட வடிகுழாய்களைச் செலுத்தி, உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றி அந்த நகர்வைக் கட்டுப்படுத்தினார்கள். ஹற்றனுக்கு ரயிலில் வந்து இறங்கும் நாம் எல்லோரும் அந்த இடத்தைக் கடந்துதான் வருகிறோம்.

மலை பெரும்பாலும் சொல்லாமல் இறங்குவதில்லை. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, நேற்றுவரை இலகுவாகச் சாத்திய கதவு இன்று இறுகுவது, மரங்களும் மின்கம்பங்களும் ஒரு பக்கம் சாய்வது, இல்லாத இடத்தில் புதிய ஊற்று கிளம்புவது, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது ஆகிய எல்லாம் அடையாளங்கள். இவற்றை முதலில் காண்பவர்கள் லயத்தில் வாழ்பவர்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்ணுக்குத் தெரிவது கொழும்பிலிருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. ஆனால் கண்டதற்கு என்ன பொருள் என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நமது நாட்டில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. 1984 இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1986 இலும் 1989 இலும் மலைநாட்டில் பெரிய மண்சரிவுகள் நேர்ந்தபின், 1990 முதல் அது மண்சரிவு அபாய வலயப் படங்களை வரையத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். இன்று அந்த நிறுவனம் மழையின் அளவை வைத்து மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஐக் கடந்தால் செம்மஞ்சள்: வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐக் கடந்தால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 ஐக் கடந்தால் சிவப்பு: வெளியேற வேண்டும். பிள்ளைகளே, வாய்ப்பாடு போல இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 75, 100, 150.

அறிவு இருந்தும் அது போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மீரியபெத்தை சாட்சி. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை 7.30 மணியளவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. வெள்ளைச் சீருடையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களில் பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த இடம் அபாயமானது, மக்கள் இடம்பெயர வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. போவதற்கு வேறு காணி இல்லாத மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

அது ஒன்று மட்டுமல்ல. 2007 ஜனவரியில் நமது மாவட்டத்தில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்தது. 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை இறங்கிக் கிராமங்களைப் புதைத்தது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவில் தோட்ட லயமொன்றும் புதையுண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நடந்ததை இங்கே யாருக்கும் விபரிக்கத் தேவையில்லை. நாடு முழுவதும் 600 க்கும் அதிகமான உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. அப்போது எழுந்த முறைப்பாடுகளில் ஒன்று நமது மனத்தில் தைக்க வேண்டியது. எச்சரிக்கை அறிவித்தல்கள் சிங்களத்தில் வந்த வேகத்தில் தமிழில் வரவில்லை என்பதே அது. 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஆனால் நள்ளிரவு மழையில் கைத்தொலைபேசியில் வரும் செய்தி விளங்காவிட்டால், அரசியலமைப்பில் எழுதியிருப்பதால் பயனில்லை.

இனி ஒரு வேடிக்கையான உண்மையைச் சொல்ல வேண்டும். நமது தோட்டங்களில் மழையை அளப்பது புதிய காரியம் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே பல தோட்டங்களில் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி வந்திருக்கிறார்கள். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய நமது கல்லூரியின் வயதுதான் அதற்கும். எப்போது உரம் போடுவது, எப்போது கவ்வாத்து வெட்டுவது, கொழுந்து எவ்வளவு வரும் என்று கணிக்க மழைக் கணக்கு தேவைப்பட்டது. அந்தக் கணக்கு தேயிலைக்குப் பயன்பட்டது. அதே மழையில் நனைந்துகொண்டு கொழுந்து பறித்த நம் பாட்டிமாருக்கும் அம்மாமாருக்கும் அந்த இலக்கத்தை யாரும் சொன்னதில்லை. 1823 இலிருந்து கணக்கிட்டு, மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தோம். இந்த இருநூறு ஆண்டுகளில் மழை தோட்டத்துக்காக அளக்கப்பட்டது. லயத்துக்காகவும் அளக்கப்பட வேண்டும்.

அம்மாமாருக்கு இந்த இலக்கமெல்லாம் விளங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்து, ஒரு கிலோ குறைத்து எழுதினாலும் உடனே கேட்பவர்கள் அவர்கள். கிலோவை அறிந்தவர்களுக்கு மில்லிமீற்றரை அறிவது கடினமில்லை. சொல்லித் தர ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறாள், நம் கல்லூரியில் படிக்கும் மகள்.

பிள்ளைகளால் இதெல்லாம் ஆகுமா? உலகத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, தாய்லாந்தின் புக்கெட் கரையில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைக் கண்டு சுனாமி வருகிறது என்று பெற்றோரிடம் சொன்னாள். இரண்டு கிழமைக்கு முன்னர் புவியியல் வகுப்பில் படித்த பாடம் அது. அந்தக் கடற்கரையிலிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டு உயிர் தப்பினார்கள்.

யப்பானின் கமைஷி நகரத்துப் பிள்ளைகள் இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. அங்கே கட்டாடா தொஷித்தாக்கா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாகப் பாடசாலைகளில் பயிற்சி கொடுத்து வந்தார். அபாயப் படத்தை அப்படியே நம்பிவிடாதே, அந்த நேரத்தில் உன்னால் முடிந்த அளவு முயற்சி செய், மற்றவர்களுக்காகக் காத்திராமல் முதலில் நீ வெளியேறு என்ற மூன்று பாடங்களைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 2011 மார்ச் 11 ஆம் திகதி பூமி அதிர்ந்தபோது, கமைஷி கிழக்கு நடுநிலைப் பாடசாலை மாணவர்கள் உடனே மேட்டை நோக்கி ஓடினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளும் புறப்பட்டார்கள். பெரிய பிள்ளைகள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் போய் நின்ற இடம் போதாது என்று கண்டு, இன்னும் உயரத்துக்குப் போனார்கள். அபாயப் படத்தின்படி அந்தப் பாடசாலைகள் சுனாமி எட்டாத இடத்தில் இருந்தன. ஆனால் கடல் அவற்றை மூடியது. அந்த நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஏறக்குறைய மூவாயிரம் பேர் பிழைத்தார்கள். உலகம் அதை அற்புதம் என்றது. அது பயிற்சியின் பலன்.

நம்மைப் போன்ற தேயிலை நாட்டுக்கே வருவோம். கேரளத்தில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில், 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு மலை இறங்கி, தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகத்துக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் தெரிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30 ஆம் திகதி அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை இறங்கியது. அங்கே ஹியூம் சூழலியல் மையம் என்ற அமைப்பு, ஊர் மக்களைக் கொண்டே இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளை வைத்து அளந்து வந்தது. புத்துமலையில் 48 மணித்தியாலத்தில் 572 மில்லிமீற்றர் மழை பதிவானது. முந்தைய நாள் காலையிலேயே அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தது. சில குடும்பங்கள் வெளியேறின. பலர் வெளியேறவில்லை. 250 க்கும் அதிகமான உயிர்கள் போயின. சாதாரண மக்கள் அளந்த மழை சரியான நேரத்தில் சரியான செய்தியைச் சொல்லியது என்பது ஒரு பாடம். அந்தச் செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அடுத்த பாடம். கேரளத்தில் புவியியல் கற்பிக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட மேனிலைப் பாடசாலைகளில் இன்று மாணவர்கள் சிறு வானிலை நிலையங்களை நடத்துகிறார்கள்.

அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும். நமது கல்லூரியில் என்ன செய்யலாம் என்று நான்கு விடயங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, மழைமானி. கல்லூரி வளவில் தரமான மழைமானி ஒன்று நிறுவப்பட வேண்டும். அதோடு, தோட்டங்களிலிருந்து வரும் மாணவிகள் தங்கள் லயத்துக்கு ஒன்றாகத் தாங்களே செய்து வைக்க வேண்டும். நேரான பக்கங்களையுடைய பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும். அடியில் கூழாங்கல் போட்டு, ஒரு கோடு வரை நீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூச்சியமாகக் கொண்டு அடிமட்டத்தை ஒட்ட வேண்டும். மரத்துக்கும் கூரைக்கும் ஒதுங்காத வெளியில் வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 க்கு வாசித்து, எழுதி, மீண்டும் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பாடசாலை நாட்களில் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் பாட்டியோ தாத்தாவோ வாசித்து எழுதி வைக்கலாம். வாசிக்கக் கற்றுக் கொடுப்பது பேத்தியின் வேலை. இதன் அளவு ஆய்வுகூடத்து நுட்பத்துடன் இராது. ஆனால் 40 ஐயும் 140 ஐயும் வேறுபடுத்த இது போதும். நோயாளியின் கட்டில் தலைமாட்டில் காய்ச்சல் அட்டை தொங்குவது போல, மலைக்கும் ஓர் அட்டை வேண்டும். ஒரு நாளின் இலக்கத்தைவிட, தொடர்ந்து எழுதிய முப்பது நாட்களின் போக்கு அதிகம் சொல்லும். நேற்றும் முந்தாநாளும் நனைந்த மலைக்கு இன்றைய சிறு மழையும் ஆபத்தாகலாம்.

இரண்டாவது, படம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவிகள் புவியியல் ஆசிரியையுடன் பகலில், நல்ல காலநிலையில் நடந்து, ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் ஒரு படம் வரையலாம். லயங்கள், கான்கள், ஓடைகள், ஊற்றுகள், பழைய சரிவுகள், சுவர் வெடிப்புகள், வெளியேறும் பாதை, சேரும் இடம் எல்லாம் அதில் வர வேண்டும். நிறுவனத்தின் அபாய வலயப் படத்துடன் அதை ஒப்பிட வேண்டும். கணினி வகுப்பில் அதையே எண்ணிமப் படமாக ஆக்கலாம். இதில் ஒரு மருத்துவக் குறிப்பும் சேர்க்க வேண்டும். எந்தக் காம்பராவில் கர்ப்பிணித் தாய் இருக்கிறார், எங்கே படுக்கையிலிருக்கும் முதியவர், யார் இன்சுலின் எடுப்பவர் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரின் துணையுடன் பெரியவர்கள் ஒரு பட்டியலாக வைத்திருந்தால், வெளியேறும் இரவில் முதலில் யாரைத் தூக்குவது என்று தடுமாற வேண்டியதில்லை. கிளினிக் கொப்பி, ஒரு கிழமைக்கான மருந்து, அடையாள அட்டை, டோர்ச் லைட் ஆகியவை ஒரு பையில் எப்போதும் கதவருகே தொங்கட்டும்.

மூன்றாவது, செய்தி. மேலே சொன்ன இலக்கம் கொப்பிக்குள் உறங்கக் கூடாது. பெரட்டுக் களத்திலும் கோவில் வாசலிலும் ஒரு சிறு கரும்பலகை வைத்து, நேற்றைய மழையைத் தமிழில் எழுத வேண்டும். ‘காலை 8.30 வரை 82 மி.மீ. மஞ்சள் நிலை. கான்களையும் சுவர்களையும் பார்த்துக்கொள்ளவும்’ என்று இரண்டு வரி போதும். கைத்தொலைபேசிக் குழுவிலும் அதை அனுப்பலாம். ஒன்றை மறக்கக் கூடாது. உத்தியோகபூர்வ எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பிள்ளைகளின் கரும்பலகை அந்த எச்சரிக்கைக்குப் பதிலாக வைப்பதல்ல. அது லயம் வரை வந்து சேர உதவும் படி.

நான்காவது, படிப்பு. இந்த மலையைப் படிக்க நம்மிலிருந்தே ஆட்கள் வர வேண்டும். வைத்தியராகவும் ஆசிரியையாகவும் வருவதைத்தான் நமது வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். புவிச்சரிதவியல் படித்த ஒரு பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு வருவது அரிது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்கும் தங்கைமாரே, மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அழாதீர்கள். மண்ணையும் நீரையும் வானிலையையும் படித்து, லயத்துக்கு வந்து, தமிழில் பேசக்கூடிய ஒரு நிபுணர், நூறு வைத்தியர்கள் காப்பாற்ற முடியாத உயிர்களைக் காப்பாற்றுவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெரியவர்களாகிய நம்மை நோக்கி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளைக் காவல்காரராக ஆக்கிவிட்டு நாம் உறங்கக் கூடாது. எந்தப் பிள்ளையும் இரவில், கொட்டும் மழையில் மழைமானியைப் பார்க்கப் போகக் கூடாது. அந்த நேரத்தில் மணிக்கு மணி பார்ப்பது பெரியவர்களின் முறைவேலை. மண் சரிந்து உயிர் போனால், நான் சரியாக அளக்கவில்லையோ என்று ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் வருந்தும் நிலை வரவே கூடாது. ஆசிரியைகள் இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய விடயம், போக்கிடம். மீரியபெத்தையில் எச்சரிக்கை இருந்தும் மக்கள் போகாததற்குக் காரணம் அறியாமை அல்ல. இங்கிருந்து போ என்பவர், எங்கே போவது என்பதையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பான இடத்தில் 7 பேர்ச் காணியும் உறுதியான தனி வீடும் கிடைக்கும்வரை, எந்த மழைமானியும் பாதி மருந்துதான். 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் உட்பட எத்தனையோ திட்டங்கள் வந்திருக்கின்றன. அந்த வீடுகள் எந்தச் சரிவில் கட்டப்படுகின்றன என்று கேட்கும் அறிவும் நமக்கு வேண்டும். நிலத்தைப் படித்த பெண்பிள்ளைகள் நாளை அந்தக் கேள்வியை இலக்கங்களோடு கேட்பார்கள். மழைக் கணக்குக் கொப்பி அப்போது ஒரு சான்றாவணம். ‘எங்கள் மலையில் இத்தனை நாட்கள் 100 மில்லிமீற்றரைத் தாண்டியது, இத்தனை சுவர்கள் வெடித்தன’ என்று பிரதேச செயலகத்தில் கொண்டுபோய் வைத்தால், இல்லை என்று சொல்வது எளிதல்ல.

பழைய மாணவிகளாகிய நாம் இன்று உலகெங்கும் இருக்கிறோம். கொழும்பிலும் கண்டியிலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு இந்த மலரைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற விருப்பம் எல்லோருக்கும் உண்டு. வளைவும் மணிக்கூடும் கட்டுவதில் தவறில்லை. அவற்றோடு, ஒரு சிறு வானிலை நிலையம், ஐந்து ஆண்டுகளுக்கு அதைப் பராமரிக்கும் செலவு, புவிச்சரிதவியலோ வானிலையியலோ சிவில் பொறியியலோ படிக்கச் செல்லும் ஒரு மாணவிக்கு ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை ஆகிய மூன்றையும் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பில் தேர்ந்த சகோதரிகள் சிலர் சேர்ந்து, சிவப்பு எச்சரிக்கை வரும் நாட்களில் அதை உடனுக்குடன் நல்ல தமிழில் ஆக்கி அனுப்பும் குழுவாக இயங்கலாம். நாம் உறங்கும் நேரத்தில் ரொறன்ரோவில் பகல். அங்கேயிருக்கும் அக்காமார் விழித்திருப்பார்கள் அல்லவா?

மாணவச் செல்வங்களே, தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் நமது மேற்குச் சரிவுகளை நனைக்கத் தொடங்கும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடைப்பருவ மழை வரும். டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவுகளில் பெய்யும். மலைநாட்டில் மழையில்லாத பருவம் குறுகியது. அந்தக் குறுகிய காலத்துக்குள் போத்தலை வெட்டி, அடிமட்டத்தை ஒட்டி, கொப்பியின் முதல் பக்கத்தில் திகதியை எழுதிவிடுங்கள். முதல் நாள் எழுத வேண்டிய இலக்கம் பூச்சியமாகவே இருந்தாலும் அதையும் எழுதுங்கள்.